எந்த ஒழுங்கை?

விவாத மேடையில் நான் முதலில் கற்றுக்கொண்டது, கோபத்தை உள்ளே வைத்திருக்க வேண்டும், வெளியே காட்டக் கூடாது என்பது. கோபத்தைக் காட்டியவர் தோற்கிறார்; மறைத்தவர் கோப்பையை வாங்கிக்கொண்டு போகிறார். பாடசாலைக் காலத்திலும் இப்போது சட்டம் படிக்கும் பல்கலைக்கழகத்திலும் நான் வாங்கிய கோப்பைகள் எல்லாம் அப்படி வாங்கியவைதான். இந்தக் கட்டுரையில் மட்டும் அந்த விதியை நான் மதிக்கப்போவதில்லை. இது கோபத்தோடு எழுதப்படுகிறது. கோபத்தோடுதான் வாசிக்கப்பட வேண்டும்.

அக்காவும் நானும் காலையில் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். மட்டக்குளியிலிருந்து புறப்படும் அந்தப் பஸ், எங்கள் கொட்டாஞ்சேனைத் தரிப்பிடத்துக்கு வரும்போதே நிரம்பி வழியும். "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று கண்டக்டர் எங்களை முன்னே நகரச் சொல்லிக்கொண்டேயிருப்பார். நாங்களும் நகர்ந்துகொண்டேயிருப்போம். பஸ் மட்டும் நகராது. ஆமர் வீதிச் சந்தியில் நிற்கும், புறக்கோட்டையில் நிற்கும், கொள்ளுப்பிட்டியில் நான் இறங்கிய பிறகு பம்பலப்பிட்டிப் பாடசாலைகளின் வாசலில் நிற்பதற்காக மறுபடியும் புறப்படும். அக்காவின் வேலைத்தலம் அதற்கும் அப்பால், வெள்ளவத்தையில் இருந்தது.

காலி வீதியோரமாய், ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை நிலையம். அக்காவுக்கு அங்கே இரத்தம் எடுக்கும் வேலை. சீனி வருத்தம் பார்க்க வருகிறவர்கள் இரவிலிருந்து எதுவும் உண்ணாமல், வெறும் வயிற்றோடு, கதவு திறக்கும் முன்பே வந்து நிற்பார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். அவள் பிந்தினால் அவர்களுடைய முதல் வாய்த் தேநீரும் பிந்தும். பசியோடு இருக்கும் முதியவர்களிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அதை அவள் என்னைவிட நன்றாக அறிந்திருந்தாள். அதனால்தான் பஸ் பம்பலப்பிட்டியில் நிற்கும்போதெல்லாம் அவளுடைய விரல் கைத்தொலைபேசியில் ஒரே வாக்கியத்தைத் தட்டியது. "வந்துக்கிட்டே இருக்கேன் மேடம்." பொய்யல்ல. வந்துகொண்டுதான் இருந்தாள். வந்து சேரவில்லை, அவ்வளவே.

நேரத்தோடு புறப்படலாமே என்று எங்களுக்குப் புத்தி சொன்னவர்கள் பலர். புறப்பட்டோம். எல்லோரும் அதே புத்தியைக் கேட்டுப் புறப்பட்டதால் நெரிசலும் எங்களோடு சேர்ந்து நேரத்தோடு எழும்பப் பழகிக்கொண்டது. ரயிலில் போகலாமே என்றும் சொன்னார்கள். கோட்டை நிலையத்தில் ஏறினால் கடலோரமாய்ச் சிறிது நேரத்தில் வெள்ளவத்தை, உண்மைதான். கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டை நிலையத்துக்குப் போக எங்களுக்குச் சிறகு எதையும் யாரும் தரவில்லை. அதே ஆமர் வீதி, அதே புறக்கோட்டை. இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனைகளை வழங்கியவர்கள் எவரும் கொட்டாஞ்சேனையில் குடியிருக்கவில்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

இதை நெரிசல் என்று அழைப்பதையே நான் மறுக்கிறேன். பஸ்ஸின் யன்னலில் தொங்கிக்கொண்டு கீழே பார்த்தவர்களுக்கு அது விளங்கும். ஒரு கார், முன்னே சாரதி, பின்னே ஒரு பிள்ளை, பிள்ளையின் மடியில் கடித்து மீதம்வைத்த சாண்ட்விச். அதற்குப் பின்னால் இன்னொரு கார். இன்னொரு சாரதி, இன்னொரு பிள்ளை. பாடசாலை வாசலில் இவை இரண்டு வரிசையாய் நிற்க, மூன்றாவது வரிசையில் எங்கள் பஸ், ஒரு தெருவையே வயிற்றில் சுமந்துகொண்டு காத்து நிற்கும். தாதிமார் அதில் இருந்தார்கள். கடைப் பெண்கள், காவலாளிகள், தெமட்டகொடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த தையல்காரர்கள் இருந்தார்கள். ஒற்றைப் பிள்ளைக்குக் கிடைத்த அதே அளவு வீதிதான் அத்தனை பேருக்கும் கிடைத்தது. வீதியில் இடமில்லாமல் போகவில்லை. இடம் பங்கிடப்படாமல் இருந்தது. பங்கிடாத குற்றத்துக்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். நெரிசல் என்று சொல்லிவிட்டால் யாருமே பொறுப்பில்லை, மழையைப் போல அதுவும் தானாக வந்ததாகிவிடும்.

ஒரு நாள் அக்கா வீட்டுக்கு வந்து, சோற்றைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். நிலையத்தை நடத்தும் அம்மையார் அவளைக் கூப்பிட்டுக் கதைத்திருக்கிறார். நல்ல கை, நல்ல பிள்ளை, ஆனால் ஆட்கள் முறைப்பாடு சொல்கிறார்கள். முக்கியமாக, ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். இப்படியே போனால் மாத முடிவில், நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு பிள்ளையை அந்த இடத்துக்கு எடுக்க வேண்டிவரும். இவ்வளவையும் அவர் அன்பாகத்தான் சொன்னாராம். அக்காவுக்கு அந்த அன்புதான் தாங்கவில்லை.

அந்த வாரத்திலேயே வெள்ளவத்தையில் அந்த அறிவித்தல் ஒட்டப்பட்டது. அக்கா அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். மூன்று மொழியில் இருந்தது. காலை வேளைகளில் காலி வீதியில், இரு திசையிலும், இடதுபுற ஓரத்தைப் பஸ்களுக்கு மட்டும் ஒதுக்கிவைத்து, சில மாதங்கள் பரீட்சித்துப் பார்க்கும் திட்டம். அதைப் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்க ஒரு சனிக்கிழமை பின்னேரம் கூட்டம். சிங்களத்தில் சரியாக இருந்தது. ஆங்கிலத்தில் 'பஸ் லேன்' என்று சரியாகவே இருந்தது. தமிழில் இப்படி இருந்தது:

"காலி வீதியின் இருமருங்கிலும் பேருந்து ஒழுங்கைகள் அமைக்கப்படும். ஒழுங்கைகளில் ஏனைய வாகனங்களை நிறுத்துவது தடைசெய்யப்படும்."

வெள்ளவத்தையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கொட்டாஞ்சேனையில் 'ஒழுங்கை' என்ற சொல் யார் வாயிலும் வராது. நாங்கள் சந்து என்போம். வீடுகள் முதுகோடு முதுகாய் நெருங்கியிருந்தால் தோட்டம் என்போம். வெள்ளவத்தை அப்படியல்ல. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நிறைந்த அந்த ஊரில் ஒழுங்கை என்றால் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் சிறு தெரு. அவர்களுடைய அடுக்குமாடி வீடு அதில்தான் இருக்கிறது. கார் அதில்தான் நிற்கிறது. ஒவ்வொரு தெருமுனைப் பலகையிலும் பெயருக்குப் பின்னால் எழுதியிருப்பதும் அதே சொல்தான். வீதியில் கோடு கிழித்துப் பிரிக்கும் தடத்துக்கும், வீட்டு வாசலில் முடியும் சிறு தெருவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால், மொழிபெயர்த்தவர் அகராதியைத் திறந்து, முதலில் அகப்பட்டதை எடுத்து ஒட்டிவிட்டுப் போய்விட்டார். விளைவு: உங்கள் வீட்டு வாசலுக்குப் பஸ் வரும், உங்கள் காரை அங்கே நிறுத்தக் கூடாது என்று வெள்ளவத்தைத் தமிழர்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது.

நான் அன்றைக்கே அறிவித்தலில் கண்ட இலக்கத்துக்கு அழைத்தேன். 'ஒழுங்கை' என்பதை எடுத்துவிட்டு 'தடம்' என்று போடுங்கள், இல்லாவிட்டால் கூட்டம் குழம்பும் என்று சிங்களத்தில் விளக்கினேன். தொலைபேசியை எடுத்தவர் பணிவாகத்தான் கேட்டார். மொழிபெயர்ப்பு மேலிடத்திலிருந்து வந்தது, இங்கே மாற்ற முடியாது என்றார். பிறகு, என்னைத் தங்கை முறை வைத்து, "ஹரி நங்கி, மீட்டிங்குக்கு வந்து சொல்லுங்களேன்" என்றார். ஒரு சொல்லைத் திருத்த ஒரு பேனை போதும். அந்த அலுவலகத்தில் ஒரு பேனை இல்லையா? தமிழில் எழுதியது தமிழருக்கு விளங்கியதா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. மூன்றாவது மொழிக்கான இடம் நிரம்பியிருந்தது. அது போதுமாக இருந்தது.

அக்கா அந்த அறிவித்தலை வேறு விதமாக வாசித்தாள். "காலையில மட்டும் பஸ்ஸுக்குத் தனியா வுட்டாங்கன்னா போதும்டி. பம்பலப்பிட்டிய தாண்டிட்டா நான் தப்பிச்சிருவேன்" என்றாள். மாத முடிவுக்குள் வருமா என்று கேட்டாள். வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் வரப்போகிறது என்ற உறுதி கிடைத்தால் அம்மையாரிடம் தவணை கேட்கலாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தோம்.

சனிக்கிழமை, வேலை முடிந்ததும் அக்காவும் என்னோடு கூட்டத்துக்கு வந்தாள். மின்விசிறிகள் சுற்றியும் புழுக்கம் குறையாத ஒரு மண்டபம். வந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் தமிழர்; கையில் அறிவித்தலின் படம், முகத்தில் சண்டைக்கு வந்தவர்களின் தெளிவு. திட்டத்தை விளக்க வந்த உத்தியோகத்தர் சிங்களத்தில் பேசினார். திரையில் ஆங்கிலம் ஓடியது. தமிழில் சொல்ல ஒருவரும் அழைத்துவரப்படவில்லை.

பிறகு கருத்துச் சொல்லும் நேரம் வந்தது. எழுந்தவர்கள் எல்லோரும் தங்கள் ஒழுங்கையின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினார்கள். நாற்பது வருசமாய் இன்ன ஒழுங்கை, பிறந்ததே இன்ன ஒழுங்கை. அது ஒரு குலப்பெயரைப் போல ஒலித்தது. எங்கட ஒழுங்கை இரண்டு கார் விலத்தவே காணாது, அதுக்குள்ள பஸ்ஸோ என்று ஒருவர் கேட்டார். என்ர பேரப்பிள்ளை விளையாடுற இடம் என்றார் ஒரு தாய். பஸ்ஸை அப்படியே படி ஏத்தி நாலாம் மாடிக்கும் கொண்டுவாங்கோ, லிஃப்ட் வேலை செய்யேல்லை என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, மண்டபம் சிரித்தது.

அப்போது முன்வரிசையில் வெள்ளைச் சேட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் எழுந்தார். அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

"இவருதான்டி."

"யாரு?"

"கம்ப்ளைன்ட் குடுக்குறவரு. ஆனா என்கிட்ட மட்டும்தான் கைய நீட்டுவாரு."

பெரியவர் தமிழில் தொடங்கி, உத்தியோகத்தருக்கு விளங்கட்டும் என்று ஆங்கிலத்துக்கு மாறினார். அவருடைய ஆங்கிலம் அழகானது. எங்கள் லேன்களில் பஸ் வேண்டாம் என்றார். உத்தியோகத்தர் தலையாட்டி, பஸ் லேன் வேண்டாம் என்று எழுதிக்கொண்டார். தமிழில் விழுந்த பிழை ஆங்கிலத்துக்குத் திரும்பிப் போய் அங்கே சரியான வாக்கியமாகிவிட்டதை, ஒரு முழு ஊரின் எதிர்ப்பாகத் தாளில் அமர்ந்துகொண்டதை, என் கண்ணால் பார்த்தேன்.

நான் எழுந்தேன். குரலை உயர்த்தவில்லை. மேடையில் எதிரணியின் கருத்தைத் தகர்க்கும் முன் அதை நேர்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும், அப்படியே செய்தேன். உங்கள் அச்சம் நியாயமானது, ஆனால் அது இந்தத் திட்டத்தைப் பற்றியதல்ல, ஒரு சொல்லைப் பற்றியது என்றேன். தடத்துக்கும் ஒழுங்கைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழில் சொன்னேன். உத்தியோகத்தருக்குச் சிங்களத்தில் சொன்னேன். காலையில் காலி வீதியில் நிற்கும் ஒரு பஸ்ஸில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொன்னேன். உங்கள் வீடுகளில் சமைப்பவர்களும், உங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர்களும், உங்கள் இரத்தத்தை எடுப்பவர்களும் அந்தப் பஸ்ஸில்தான் வருகிறார்கள் என்றேன். நான் நன்றாகப் பேசினேன். அடக்கத்துக்காக அதை இங்கே மறைக்க மாட்டேன்.

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கனிவாகத்தான் பார்த்தார்.

"பிள்ளை, நல்ல வடிவாக் கதைக்கிறீர். நீர் எந்த ஒழுங்கை?"

"நான் எந்த ஒழுங்கையும் இல்லை ஐயா. கொட்டாஞ்சேனை. பஸ்ஸில் வந்தேன்."

"அதுதானே பாத்தன்" என்று யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஒழுங்கையின் பெயர் இல்லாதவளுக்குக் கருத்தும் இல்லை. காலி வீதியில் யார் பயணம் செய்கிறார்கள் என்பது அங்கே கணக்கில்லை. யார் குடியிருக்கிறார்கள் என்பதே கணக்கு. தங்கள் வாழ்நாளில் எத்தனையோ அலுவலகங்களில் 'நீ எந்த ஊர்' என்ற கேள்வியைக் கேட்டுக் கேட்டு நொந்தவர்கள் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். அதே கேள்வியை என்னிடம் கேட்பதில் அவர்களுக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

ஆனாலும் பெரியவர் உட்காரவில்லை. நான் சொன்னது அவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப பஸ் எங்கட ஒழுங்கைக்குள்ள வராதோ?"

"வராது ஐயா. காலி வீதியில்தான். இடப்பக்கம் ஒரு தடம், காலையில் மட்டும்."

முகம் தெளிந்தது. ஒரு கணம், அந்த ஒரே கணம், வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். முழங்கையில் அவளுடைய பிடி தளர்ந்தது. பெரியவர் பக்கத்தில் இருந்தவரோடு ஏதோ கதைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்ப எங்கட காருகளுக்கு ஒரு தடம் குறையுது. என்ன?"

"ஓம் ஐயா."

"அப்ப அதுவும் வேண்டாம்."

கைதட்டினார்கள்.

அந்த 'அதுவும்' என்ற சொல்லை நான் பல நாள் மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். பிழையை நீக்கினால் எதிர்ப்பு நீங்கும் என்று நம்பி நான் பேசியது முழுவதையும் அந்த ஒரு சொல் தள்ளிவிட்டது. விளங்காமல் எதிர்த்தவர்கள், விளங்கிய பிறகு, அதைவிட உறுதியாக எதிர்த்தார்கள். முன்வரிசையில் ஆங்கிலத் திரையைப் பார்த்துத் தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருந்த சிலர் இருந்தார்கள். ஒழுங்கை என்று மற்றவர்கள் குழம்பிக் கத்தியபோது அவர்கள் வாய் திறக்கவில்லை. குழப்பம் அவர்களுக்கு வசதியாக இருந்தது. உத்தியோகத்தருக்கும் அப்படியே. மக்கள் ஒரே குரலில் பேசியிருக்கிறார்கள், அதை மேலிடத்துக்கு அறிவிப்பேன் என்று நன்றி கூறி, ரோல்ஸும் தேநீரும் பரிமாறப்பட்ட மேசைக்கு அவர் நடந்தபோது அவருடைய தோள்கள் இலேசாகியிருந்தன. ஒரு வேலை குறைந்தது அல்லவா? தமிழர்கள் வேண்டாம் என்றார்கள் என்று இனி எழுதிவைக்கலாம். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த தமிழர்களும், சிங்களவர்களும், முஸ்லிம்களும் என்ன சொன்னார்கள் என்று யார் கேட்டார்கள்? அவர்கள் கூட்டத்துக்கு வந்திருக்க முடியாது. சனிக்கிழமை பின்னேரத்திலும் அவர்கள் பஸ்ஸில்தான் இருந்திருப்பார்கள்.

அதற்கு அடுத்த வாரம் பெரியவர் சீனி பார்க்க வந்தார். அன்றைக்குப் பாடசாலை வாசலில் ஒரு வேனும் காரும் உரசிக்கொண்டு, சாரதிகள் இறங்கி நின்று வாதாடியதால் வழமையைவிடத் தாமதம். அக்கா ஓடி வந்து கையைக் கழுவிக்கொண்டு அவர் முன்னால் அமர்ந்தபோது, அவர் மணிக்கூட்டைக் காட்டி, பசியிலை தலை சுத்துது பிள்ளை, இந்த வயசிலை இப்பிடிக் காக்க வைக்கலாமோ என்று கேட்டிருக்கிறார். எதிர்த்துப் பேசும் வழக்கம் அக்காவுக்கு இல்லை. வீட்டில் அதற்கு நான் இருக்கிறேன் என்பாள். அன்றைக்கு மட்டும் ஊசியை உறையிலிருந்து எடுத்தபடியே சொல்லியிருக்கிறாள்.

"நானும் ரோட்டுலதான் காத்துக்கிட்டு இருந்தேன் ஐயா. அன்னிக்கு நீங்க வேண்டாம்னு சொன்ன ரோட்டுல."

பெரியவர் கையை நீட்டினாராம். வலித்ததா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாராம். அதன் பின் அம்மையாரின் அறைக்குள் போனாராம். என்ன கதைத்தார் என்று எங்களுக்குத் தெரியாது. மரியாதைக் குறைவு என்ற சொல் அக்காவின் காதில் விழுந்தது.

மாத முடிவில் அந்த இடத்துக்கு வேறொரு பிள்ளை வந்தாள். நடந்து வருகிறவள், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவளுக்கு வீடு. அக்காவுக்கு இப்போது கொட்டாஞ்சேனையிலேயே ஒரு மருந்துக்கடையில் வேலை, வீட்டிலிருந்து நடந்து போகிறாள். குளிசை எண்ணிப் பையில் போடுகிறாள். இரத்தம் எடுக்கக் கற்ற கை அது. இப்போது அந்தக் கைக்கு அங்கே வேலையில்லை. நான் காலையில் தனியாகப் பஸ் ஏறுகிறேன். அறிவித்தல் இன்னும் வெள்ளவத்தைச் சந்தைச் சுவரில் பாதி கிழிந்து நிற்கிறது, பிழையான சொல் கிழியாமல்.

போன கிழமை பழைய நிலையத்தில் அக்காவோடு வேலை செய்தவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அங்கத்தைய புதினங்களைச் சொல்லிக்கொண்டிருந்தவள், பெரியவரின் கதையையும் சொன்னாள். புதிய பிள்ளைக்கு அவருடைய நரம்பு அகப்படவில்லையாம். ஒரு கையில் குத்தி, மறு கையில் குத்தி, இரண்டும் நீலம் பாரித்துவிட்டதாம். முன்னம் இருந்த பிள்ளை எங்கே என்று கேட்டிருக்கிறார்.

அவள் கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவள், தினமும் பிந்தியதால் நின்றுவிட்டாள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். பெரியவர் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெய்யான கவலையோடு சொன்னாராம்:

"இந்த ட்ராஃபிக்குக்கு ஆராவது ஒண்டு செய்ய வேணும், பிள்ளை."

அக்கா அதைக் கேட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். தேநீர் ஆறிப்போயிற்று என்று சொல்லி வேறு ஊற்ற எழுந்து போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.